இரும்பும் இளவட்டமும்

நெல்லைப் பக்கத்துக் கிராமங்களில் கோயில் வாசலிலோ ஊர் மந்தையிலோ வழவழவென்று உருண்டையாக ஒரு கல் கிடக்கும். இளவட்டக்கல். அதைத் தரையிலிருந்து எடுத்து, நெஞ்சில் ஏற்றி, தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்பக்கமாகப் போடுகிற பையனுக்குத்தான் அந்தக் காலத்தில் பெண் கொடுப்பார்கள் என்று சொல்வதுண்டு. இப்போது பெண் கிடைப்பதற்கு வேறு தகுதிகள் வந்துவிட்டன. கல் பொங்கல் போட்டிக்கு மட்டும் பயன்படுகிறது.

அது கிடக்கட்டும். பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். இளவட்டக்கல். அதாவது, இளவட்டங்களுக்கான கல். கல்யாணம் முடிந்து, முன்நெற்றி ஏறி, தொப்பை இறங்கிய பிறகு அந்தக் கல்லுக்கும் நமக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வேடிக்கை பார்க்கிற கூட்டத்தில் போய் நின்றுகொள்ள வேண்டியதுதான். தீர்ப்பைக் கல்லின் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

நம் ஊர் மட்டும் இப்படியில்லை. எங்கே போனாலும் இதே கதைதான். நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் காலையில் வாக்கிங் கிளம்பினால் வீட்டில் சந்தோஷப்படுவார்கள். அவரே ஜிம்முக்குப் போய் பார்பெல் தூக்கப் போகிறேன் என்று சொல்லிப் பார்க்கட்டும். 'இந்த வயசுல இதெல்லாம் தேவையா?' என்று முதல் கேள்வி வரும். 'இடுப்பு பிடிச்சுக்கும்', 'ஹார்ட்டுக்கு ஆகாது', 'விட்டா சதை தொங்கிடும்' என்று அடுத்தடுத்து அர்ச்சனைகள்.

இந்தப் பயம் சும்மா வந்ததில்லை. அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அந்தச் சரித்திரத்தில் பாதிக்கு மேல் ஒரே ஊரில் நடந்திருக்கிறது என்பதுதான் வேடிக்கை. அமெரிக்காவின் பாஸ்டன். கனம் தூக்கினால் ஆபத்து என்ற நம்பிக்கைக்கு அங்கே 1876-ல் ஒரு பெரிய சாட்சி கிடைத்தது. 1990-ல் அதே ஊரில் அந்தச் சாட்சி செல்லாது என்று ஆகிப்போனது. நடுவே 114 வருடங்கள்.

முதல் சாட்சியைப் பார்த்துவிடலாம்.

ஜார்ஜ் பார்க்கர் விண்ட்ஷிப். 1834-ல் பாஸ்டனை ஒட்டிய ராக்ஸ்பரியில் பிறந்தவர். பதினாறு வயதில் ஹார்வர்டில் சேர்ந்தபோது உயரம் 5 அடி. எடை 100 பவுண்டு. அதாவது சுமார் 45 கிலோ. ஒல்லிப்பிச்சான். சக மாணவன் ஒருவன் அவரை அவமானப்படுத்திவிட, பையனுக்கு ரோஷம் வந்துவிட்டது. உடம்பைத் தேற்றி அவனுக்குப் பாடம் கற்பிக்கிறேன் என்று உடற்பயிற்சிக்கூடத்துக்குப் போக ஆரம்பித்தார். படிப்பு முடிவதற்குள் கல்லூரியின் பலசாலிகளில் ஒருவராகிவிட்டார். பழி வாங்குகிற எண்ணம் மட்டும் நடுவிலேயே காணாமல் போய்விட்டது. பலம் வந்தவனுக்குக் கோபம் குறைந்துவிடும் போலிருக்கிறது.

1854-ல் ரோச்செஸ்டர் என்ற ஊருக்குப் போனவர், அங்கே எடை தூக்கும் இயந்திரம் ஒன்றைப் பார்த்தார். தூக்கியும் பார்த்தார். 420 பவுண்டு. நம் கணக்கில் 190 கிலோ. கூடியிருந்தவர்களுக்கு அது பெரிதாகப் படவில்லை. ஊருக்குத் திரும்பியவர், வீட்டுக் கொல்லையில் குழி வெட்டி, பீப்பாயில் மணலும் கல்லும் நிரப்பி, தானே ஒரு தூக்கு இயந்திரம் செய்துகொண்டார். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தைக் கூட்டிக்கொண்டே போனார்.

நடுவில் ஹார்வர்டிலேயே மருத்துவமும் படித்து டாக்டராகிவிட்டார். 'பலமே ஆரோக்கியம்' என்பது அவருடைய கோஷம். மக்களுக்கு அதை எடுத்துச் சொல்ல 1859-ல் பாஸ்டனில் மேடை ஏறினார். கூட்டத்தைப் பார்த்த பதற்றத்தில் பேச்சின் நடுவே மயங்கி விழுந்தார்! பலசாலிக்கு மேடை பயம். விடவில்லை. அடுத்த கூட்டத்தில் சமாளித்துவிட்டார். அப்புறம் ஊர் ஊராகப் போய்ப் பேசினார், தூக்கிக் காட்டினார். தோளில் பட்டை மாட்டிக்கொண்டு 2,000 பவுண்டுக்கு மேல் தூக்குகிறார் என்று பேச்சு பரவியது. ஏறத்தாழ 900 கிலோ. முழங்காலை லேசாக மடித்து நிமிர்த்தி, எடையைத் தரையிலிருந்து ஓரிரு அங்குலம் கிளப்புகிற வித்தை அது. என்றாலும் 900 கிலோ 900 கிலோதான். அமெரிக்கா முழுக்க ஆபீஸ் குமாஸ்தாக்களும் வியாபாரிகளும் தூக்கும் மெஷின்களைத் தேடிப் போனார்கள்.

எதிர்க்கட்சி இல்லாமல் இருக்குமா? டையோ லூயிஸ் என்று ஒருவர். அவரும் பாஸ்டன்தான். கனமே கூடாது என்பது அவர் கட்சி. மரத்தில் செய்த லேசான டம்பெல், பீன்ஸ் அடைத்த துணிப்பை, வளையம். இதை வைத்துக்கொண்டு இசைக்கு ஏற்ப ஆடினால் போதும் என்றார். பெண்களும் குழந்தைகளும் வயதானவர்களும் செய்யலாமே என்று அதற்கும் ஏகப்பட்ட கூட்டம்.

கனமா, லேசா? பட்டிமன்றம் பல வருடம் நடந்தது. முடிவை எழுதியது ஒரு மரணம்.

1876 செப்டம்பரில் விண்ட்ஷிப் திடீரென்று இறந்துபோனார். வயது 42.

முடிந்தது. 'பார்த்தீர்களா? நாங்கள் அப்போதே சொன்னோம்' என்றார்கள். தூக்கித் தூக்கியே செத்தான் என்று முடிவு கட்டினார்கள். தூக்கும் மெஷின்களின் மவுசு இறங்கியது. அதே வருடம், அதே ஊரில், வாழ்நாளில் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்காத எத்தனை பேர் 42 வயதில் இறந்தார்கள் என்று யாரும் கணக்கு எடுக்கவில்லை. எடுக்க மாட்டார்கள். சோம்பேறி செத்தால் அது விதி. பயில்வான் செத்தால் அது பாடம்.

விண்ட்ஷிப்பைப் பற்றி எல்லோருக்கும் அந்த 2,000 பவுண்டு நினைவில் நின்றது. இன்னொன்று மறந்துபோனது. 1865-ல் அவர் ஒரு டம்பெல்லுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். தகடுகளைச் சேர்த்தும் கழற்றியும் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொள்ளும்படியான டம்பெல். அன்றைய உடற்பயிற்சிக் கூடங்களில் இருந்தவை கெட்டியாக வார்த்த உருண்டைகள். ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போவது மாடிப்படியில் நாலு நாலாகத் தாவுவது மாதிரி. சின்னச் சின்னப் படி செய்து கொடுத்தவர் விண்ட்ஷிப். வித்தை போனால் போகட்டும், இந்தப் படிகள்தான் பின்னால் உதவப் போகின்றன.

1902-ல் ஆலன் கால்வர்ட் என்பவர் பிலடெல்பியாவில் மைலோ பார்பெல் கம்பெனியைத் தொடங்கி, எடையை மாற்றிக்கொள்ளும் பார்பெல்களைத் தபாலில் விற்க ஆரம்பித்தார். சர்க்கஸ் பயில்வான்களின் சாமானாக இருந்த பார்பெல், வீட்டுக்கு வந்தது இப்படித்தான். 1932-ல் பாப் ஹாஃப்மன் யார்க் பார்பெல் கம்பெனியைத் தொடங்கினார். வியாபாரம் வளர்ந்தது. பயம் குறையவில்லை. எடை தூக்கினால் சதை கட்டிப்போய் உடம்பு மரக்கட்டை மாதிரி ஆகிவிடும், கையை மடக்கவே முடியாது என்று டாக்டர்களும் விளையாட்டுப் பயிற்சியாளர்களும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எந்த ஆய்விலும் நிரூபணமானதல்ல. ஆனாலும் பாடமாகவே நடத்தினார்கள்.

பாஸ்டனுக்கு மேற்கே, அதே மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்ட் கல்லூரி. கூடைப்பந்து 1891-ல் பிறந்த இடம். அங்கே பேராசிரியர் பீட்டர் கார்ப்போவிச். எடைப் பயிற்சியில் நம்பிக்கை இல்லாதவர். 1940-ல் ஹாஃப்மன் தன் பயில்வான்களை அங்கே அழைத்துப் போனார். ஜான் கிரிமெக் அவர்களில் ஒருவர். மலை மாதிரி உடம்பு. கார்ப்போவிச் எழுந்தார். ஒரே ஒரு வேண்டுகோள். கொஞ்சம் உங்கள் முதுகைச் சொறிந்து காட்ட முடியுமா?

கிரிமெக் சொறிந்தார். இந்தக் கையால், அந்தக் கையால், மேலிருந்து, கீழிருந்து. அதோடு விட்டாரா? இரண்டு காலையும் அகலமாக விரித்துத் தரையோடு தரையாக உட்கார்ந்தும் காட்டினார். அரங்கம் சிரித்தது. கார்ப்போவிச் யோசிக்க ஆரம்பித்தார்.

நல்ல ஆசிரியர் அவர். சிரித்துவிட்டு மறந்துவிடவில்லை. வில்லியம் ஸோர்பஸ் என்ற மாணவரோடு சேர்ந்து 600 பேரைச் சோதித்தார். எடை தூக்குகிறவர்கள் 300. தூக்காதவர்கள் 300. கையால் ஒரு சுழல்பிடியை யார் வேகமாகச் சுற்றுகிறார்கள் என்று பார்த்தார். தூக்குகிறவர்கள்தான் வேகம். 1951-ல் முடிவை வெளியிட்டார். மரக்கட்டைக் கதை ஆட்டம் காண ஆரம்பித்தது.

இதற்குள் வேறொரு இடத்தில் இன்னொரு கதவு திறந்திருந்தது. ராணுவ மருத்துவமனை.

தாமஸ் டிலோர்ம். 1917-ல் பிறந்தவர். சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர். இருதயம் பலவீனம், கடினமான வேலை கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். பையன் எழுந்ததும் பழைய இரும்புச் சாமான்களை வைத்துத் தானே எடைகள் செய்து தூக்க ஆரம்பித்தான். தேறினான். பின்னால் டாக்டராகவும் ஆனான்.

இரண்டாம் உலகப்போர் நேரம். சிகாகோவில் கார்டினர் ராணுவ மருத்துவமனை. கால் அடிபட்ட சிப்பாய்கள் கட்டில் கட்டிலாகக் கிடக்கிறார்கள். முழங்கால் ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு அன்றைய வைத்தியம், லேசான எடையைப் பலமுறை ஆட்டுவது. மாதக்கணக்கில் இழுக்கும். டிலோர்ம் அதைத் தலைகீழாக்கினார். இரும்புக் காலணி ஒன்றை மாட்டி, அதில் எடை கோர்த்து, பத்து தடவை மட்டும் தூக்க முடிகிற அளவு கனம் வைத்தார். வாராவாரம் கூட்டினார். சூம்பிப் போன தொடைகள் திரும்பி வந்தன. 1945-ல் எலும்பு, மூட்டு அறுவை சிகிச்சை இதழில் எழுதினார். 1948-ல் ஆர்தர் வாட்கின்ஸ் என்ற டாக்டரோடு சேர்ந்து முறையை இன்னும் எளிமையாக்கினார். முதல் சுற்று பாதி எடையில் பத்து தடவை. அடுத்தது முக்கால் எடையில் பத்து. கடைசி முழு எடையில் பத்து. இன்றைக்கு உங்கள் தெருமுனை ஜிம்மில் மாஸ்டர் சொல்கிற 'மூணு செட், பத்து பத்து' இருக்கிறதே, அதற்குத் தாத்தா இதுதான்.

முக்கியமானது டிலோர்ம் வைத்த பெயர். முதலில் 'கனமான எதிர்ப்புப் பயிற்சி' என்றுதான் எழுதினார். அப்புறம் மாற்றி, 'படிப்படியாகக் கூடும் எதிர்ப்புப் பயிற்சி' என்றார். விண்ட்ஷிப்பின் கோஷத்தை டாக்டர்கள் ஏற்கவில்லை. அவருடைய படிகளை ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனாலும் சிப்பாய்கள் இளவட்டங்கள். நாற்பது, ஐம்பது, அறுபது?

பி.காம். படித்தவர்களுக்குத் தேய்மானம் பற்றித் தெரிந்திருக்கும். ஒரு மெஷின் வாங்கினால் வருடா வருடம் அதன் மதிப்பில் இவ்வளவு என்று கழித்துக்கொண்டே வர வேண்டும். நேர்கோட்டு முறையில் அந்தத் தொகை வருடா வருடம் ஒன்றேதான். கடைசியில் மிஞ்சுவது காயலான் கடை விலை. டாக்டர்கள் ரொம்ப காலம் உடம்பையும் இந்தக் கணக்கில்தான் எழுதி வந்தார்கள். முப்பது வயதுக்குப் பிறகு ஒவ்வொரு பத்து வருடத்திலும் 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது என்பது பொதுவான மதிப்பீடு. அறுபதுக்குப் பிறகு வேகம் இன்னும் கூடும். அதை நோய் என்று யாரும் சொல்லவில்லை. வயசாச்சு, அவ்வளவுதான். 1968-ல் கென்னத் கூப்பரின் 'ஏரோபிக்ஸ்' புத்தகம் வந்தபோது உலகம் ஓட ஆரம்பித்தது. இருதயத்தைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். தசையைப் பற்றிப் பேச ஆளில்லை. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 1978-ல் வெளியிட்ட பரிந்துரையில் எடைப் பயிற்சிக்கு இடமே இல்லை.

இனி மறுபடி பாஸ்டன். அங்கே டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் முதுமையும் உணவும் பற்றிய ஆராய்ச்சி மையம். அதன் தலைவர் இர்வின் ரோசன்பர்க் 1988-ல் ஒரு யோசனை சொன்னார். இந்தத் தசை இழப்புக்கு ஒரு பெயர் வைத்தால்தான் யாராவது கவனிப்பார்கள். கிரேக்கத்திலிருந்து எடுத்து அவர் வைத்த பெயர் சார்கோபீனியா. 'சதைப் பஞ்சம்' என்று தமிழில் சொல்லலாம்.

அதே வருடம், அதே மையத்தில் வால்டர் ஃப்ரான்டெராவும் சகாக்களும் 60 முதல் 72 வயது வரையுள்ள 12 ஆண்களைக் கூட்டி வந்து, 12 வாரம் கால் பயிற்சி கொடுத்தார்கள். லேசு அல்ல. ஒருவர் ஒரே ஒரு தடவை மட்டும் தூக்க முடிகிற அதிகபட்ச எடையில் 80 சதவீதம். முழங்காலை நீட்டும் பலம் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் தொடைத் தசையும் வளர்ந்திருந்தது. அறுபதுக்கு மேல் தசை வளராது என்பவர்களுக்கு அது முதல் அடி.

இரண்டாவது அடியை யாரும் எதிர்பார்க்கவில்லை.

மரியா ஃபியாடரோன் என்ற டாக்டர், பாஸ்டனில் ஹீப்ரூ ரிஹாபிலிடேஷன் சென்டர் என்ற முதியோர் இல்லத்துக்குப் போனார். பத்துப் பேர் முன்வந்தார்கள். வயது 86 முதல் 96 வரை. தடி ஊன்றுகிறவர்கள், நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடியாதவர்கள். எடையும் கப்பியும் வைத்த கருவியில் அவர்களுக்கும் அதே 80 சதவீதக் கணக்கு. வாரத்துக்கு மூன்று நாள், எட்டு வாரம். ஒருவர் பழைய ஹெர்னியா இருந்த இடத்தில் இழுப்பதாகச் சொல்லி நின்றுகொண்டார். ஒன்பது பேர் முடித்தார்கள்.

1990-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் முடிவு வந்தது. கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. தொடைத் தசை 9 சதவீதம் வளர்ந்திருந்தது. இரண்டு பேர் தடியை வைத்துவிட்டு நடந்தார்கள். கையை ஊன்றாமல் எழ முடியாமல் இருந்த மூன்று பேரில் ஒருவர் எழுந்தார்.

நாற்காலியிலிருந்து எழுவது ஒரு சாதனையா என்று கேட்பீர்கள். வீட்டில் எண்பது வயதுப் பெரியவர் இருக்கிறவர்களைக் கேளுங்கள். தானாக பாத்ரூமுக்குப் போய் வருவதற்கும், கூப்பிட்டுவிட்டு யாராவது வருவார்களா என்று காத்திருப்பதற்கும் நடுவே இருப்பது அந்த ஒரு எழுச்சிதான். மனுஷனின் மானம் தொடைத் தசையில் இருக்கிறது.

ஃபியாடரோன் 1994-ல் 100 பேரோடு இன்னொரு பரிசோதனை நடத்தினார். சராசரி வயது 87. சிலருக்குப் பயிற்சி. சிலருக்குச் சத்து பானம். சிலருக்கு இரண்டும். சிலருக்கு இரண்டும் இல்லை. பத்து வாரத்தில் பயிற்சி செய்தவர்களின் பலம் 113 சதவீதம் கூடியது. சத்து பானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலம் கூடவில்லை. பெரியவர்களுக்கு டப்பா டப்பாவாகப் பவுடர் வாங்கிக் கொடுத்துவிட்டு, எழுந்து நடந்தால் 'நீங்க உட்காருங்கப்பா' என்று அமர்த்துகிற பிள்ளைகள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

ஆக, தேய்மானக் கணக்கு தப்பு. மெஷின் ஓடினால் தேயும். உடம்பு ஓடாவிட்டால் தேயும். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 1990-ல் தன் பரிந்துரையைத் திருத்தி எடைப் பயிற்சியைச் சேர்த்துக்கொண்டது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டியில், வயது வந்த எல்லோருமே வாரத்தில் இரண்டு நாளாவது தசையை வலுவாக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. வாக்கிங் தனி. இது தனி. ஒன்றுக்கு ஒன்று மாற்று கிடையாது. 2016-ல் சதைப் பஞ்சத்துக்கு மருத்துவத்தில் தனியாக ஒரு நோய்க் குறியீட்டு எண்ணும் வந்துவிட்டது.

சரி, இதெல்லாம் கப்பியும் கருவியும். பார்பெல்?

அதற்கும் விடை உண்டு. இந்தத் தடவை ஆஸ்திரேலியாவிலிருந்து. கிரிஃபித் பல்கலைக்கழகத்தில், மாதவிடாய் நின்று எலும்பு மெலிந்துபோன 101 பெண்களை வைத்து ஆய்வு நடத்தி 2018-ல் வெளியிட்டார்கள். சராசரி வயது 65. பாதிப் பேருக்கு வீட்டிலேயே லேசான உடற்பயிற்சி. மீதிப் பேருக்குப் பார்பெல். தரையிலிருந்து தூக்குவது, தோளில் வைத்துக் குந்தி எழுவது, தலைக்கு மேலே உயர்த்துவது. கூடவே குதித்து இறங்குகிற பயிற்சி ஒன்று. வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், எட்டு மாதம். பார்பெல்காரர்களுக்கு முதுகெலும்பின் அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. லேசான பயிற்சிக்காரர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. விபத்து? ஒரே ஒருவருக்கு இடுப்பில் லேசான பிடிப்பு.

இதைப் படித்துவிட்டு நாளைக் காலையே போய் ஐம்பது கிலோவைக் கட்டித் தூக்கிவிடாதீர்கள். அந்தப் பெண்கள் முதல் மாதம் முழுக்க லேசான எடையில் தூக்கும் முறையை மட்டும்தான் பழகினார்கள். பக்கத்தில் பயிற்சியாளர் இருந்தார். ரத்த அழுத்தம், இருதயம், ஹெர்னியா, முதுகுத் தொந்தரவு இருக்கிறவர்கள் முதலில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. முக்கி மூச்சைப் பிடித்துத் தூக்கும்போது ரத்த அழுத்தம் ஜிவ்வென்று ஏறும். மூச்சு விடக் கற்றுக்கொள்வது முதல் பாடம். வெறும் கம்பியே 20 கிலோ. அது அதிகம் என்றால் மூங்கில் கழியோடு ஆரம்பிக்கலாம். பார்பெல்லின் பெருமை பெரிய தகடுகளில் இல்லை. ஓரமாகக் கிடக்கிற 1.25 கிலோ சில்லறைத் தகடுகளில் இருக்கிறது. இந்த வாரம் ஒரு ஜோடி. முடிந்தால் அடுத்த வாரம் இன்னொரு ஜோடி. முடியாவிட்டால் அதே எடையில் இன்னும் ஒரு வாரம். பக்கத்தில் தூக்குகிற இருபது வயசுப் பையனைப் பார்க்கவே கூடாது.

இன்னொன்று. பாஸ்டன் முதியவர்கள் பயிற்சியை நிறுத்திய நாலே வாரத்தில் அவர்கள் பலத்தில் 32 சதவீதம் போய்விட்டது. போட்டு வைத்துவிட்டு மறந்துபோகிற ஃபிக்ஸட் டெபாசிட் இல்லை இது. மாதா மாதம் கட்ட வேண்டிய ரெக்கரிங் டெபாசிட். தவணை தவறினால் அபராதம் உண்டு.

'நாற்பத்தைந்து ஆச்சு, இனிமேல் எங்கே சார்' என்று சொல்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஃபியாடரோனின் அந்தப் பத்துப் பேருக்குச் சராசரி வயது 90. அவர்கள் முதல் எடையைத் தூக்கியது அந்த வயதில்தான். நீங்கள் நாற்பத்தைந்து வருடம் சீக்கிரமாகவே வந்திருக்கிறீர்கள்.